பச்சிளங்குழந்தை செப்சிசின் குருதிக் குறிப்பான்கள்

பச்சிளங்குழந்தை செப்சிசின் குருதிக் குறிப்பான்கள் என்பன, பிறந்து 28 நாட்கள் நிறைவடையாத குழந்தையின் உடலில் நுண்ணுயிரித் தொற்று பரவியுள்ளதா என்பதை விரைவாக உய்த்தறிய உதவும் குருதி அணுக்களும் புரதங்களும் ஆகும். வெள்ளையணுக்களின் எண்ணிக்கை, சி-எதிர்வினைப் புரதம், புரோகால்சிட்டோனின், இன்டர்லூக்கின்-6 ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவை நோய்க்கிருமியை நேரடியாகக் காட்டுவதில்லை. கிருமிக்கு உடல் தரும் மறுமொழியையே காட்டுகின்றன. ஒவ்வொரு குறிப்பானும் தொற்று தொடங்கிய பின் வெவ்வேறு நேரத்தில் உயர்ந்து, வெவ்வேறு நேரத்தில் தணிவதால், ஒரு சோதனை முடிவின் பொருள் அதன் அளவை மட்டுமன்றிக் குருதி எடுக்கப்பட்ட நேரத்தையும் சார்ந்தது.

நோயின் தன்மை

செப்சிசு என்பது தொற்றுக்கு எதிராக உடலில் எழும் அழற்சி கட்டுமீறிச் சென்று, உறுப்புகளின் இயக்கத்தைப் பாதிக்கும் நிலை ஆகும். பச்சிளங்குழந்தைகளில் இது இரு வகையாகப் பிரிக்கப்படுகிறது. பிறந்து 72 மணி நேரத்திற்குள் தோன்றுவது முன்தொடக்க செப்சிசு எனப்படும். இதில் கிருமிகள் பெரும்பாலும் பிறப்புக்கு முன்போ பிறப்பின்போதோ தாயிடமிருந்து வந்து சேர்கின்றன. பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்துப் பிறத்தல், பனிக்குடத் தொற்று, குறைமாதப் பிறப்பு ஆகியவை இதற்கான வாய்ப்பை அதிகரிக்கின்றன. 72 மணி நேரத்திற்குப் பின் தோன்றுவது பின்தொடக்க செப்சிசு ஆகும். இதற்கான கிருமிகள் பெரும்பாலும் மருத்துவமனைச் சூழலில் இருந்தோ வீட்டுச் சூழலில் இருந்தோ வருகின்றன.

நோயின் அறிகுறிகள் தெளிவற்றவை. பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடுதல் அல்லது சூடேறுதல், சோர்ந்து கிடத்தல், வேகமாக மூச்சு விடுதல், இடையிடையே மூச்சு நின்றுபோதல், வயிறு உப்புதல் ஆகியவை காணப்படலாம். இவற்றுள் பல, தொற்று இல்லாத குறைமாதக் குழந்தையிடமும் குருதிச் சர்க்கரை குறைந்த குழந்தையிடமும் தோன்றக்கூடியவை. ஆயினும் உண்மையான செப்சிசு சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே ஐயம் எழுந்தவுடன் நுண்ணுயிர் எதிரி மருந்துகளைத் தொடங்குவதே நடைமுறை ஆகும்.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2022-இல் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் குழந்தைகள் பிறந்த முதல் 28 நாட்களுக்குள் இறந்தன. இந்தியாவின் மாதிரிப் பதிவு முறையின்படி, 2020-இல் ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கு 20 பச்சிளங்குழந்தைகள் இறந்தன. குறைமாதப் பிறப்பு, பிறப்பு நேர மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் தொற்றுகளும் இவ்விறப்புகளின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும்.

குருதி வளர்ப்புச் சோதனையும் அதன் எல்லைகளும்

செப்சிசை உறுதிப்படுத்தும் சோதனை குருதி வளர்ப்புச் சோதனை ஆகும். மருத்துவமனைகளில் இது பிளட் கல்ச்சர் என்றே வழங்கப்படுகிறது. குழந்தையின் குருதியை ஊட்டநீர்மம் உள்ள குப்பியில் இட்டு, அதில் கிருமிகள் வளர்கின்றனவா எனப் பார்ப்பதே இதன் முறை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் இச்சோதனை தெரிவிக்கிறது.

இதற்கு மூன்று எல்லைகள் உள்ளன. முதலாவது நேரம். தானியங்கிக் கருவிகளிலும் பெரும்பாலான கிருமிகள் வெளிப்பட 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம். இரண்டாவது குருதியின் அளவு. நம்பத்தகுந்த முடிவுக்குக் குறைந்தது 1 மில்லிலிட்டர் குருதி தேவை. ஒரு கிலோகிராம் எடையுள்ள குறைமாதக் குழந்தையின் மொத்தக் குருதியே ஏறத்தாழ 90 மில்லிலிட்டர்தான். குறைவான குருதி எடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். மூன்றாவது, தாய்க்குப் பேறுகாலத்தில் மருந்து தரப்பட்டிருந்தால், குழந்தையின் குருதியில் கிருமி வளர்வது தடைப்படலாம். இந்த இடைவெளியை நிரப்பவே குருதிக் குறிப்பான்கள் பயன்படுகின்றன.

குறிப்பான்கள் தோன்றும் முறை

கிருமிகள் குருதியை அடைந்ததும், விழுங்கணுக்கள் அவற்றின் மேற்பரப்பு மூலக்கூறுகளை இனங்கண்டு, சைட்டோகைன்கள் எனப்படும் தூதுப் புரதங்களை வெளியிடுகின்றன. இன்டர்லூக்கின்-6 இவற்றுள் ஒன்று. இது சில மணி நேரத்தில் உயர்ந்துவிடும். அடுத்து, இதனால் தூண்டப்படும் கல்லீரல், சி-எதிர்வினைப் புரதத்தை உருவாக்கத் தொடங்குகிறது. இப்புரதத்தைக் கல்லீரல் புதிதாக உற்பத்தி செய்து குருதியில் சேர்க்க வேண்டியிருப்பதால், அது குருதியில் தெளிவாகக் காணப்படப் பல மணி நேரம் ஆகும். இதே வேளையில் எலும்பு மச்சை, முதிராத வெள்ளையணுக்களையும் குருதிக்குள் அனுப்புகிறது.

ஆகவே முதலில் உயரும் குறிப்பான் முதலில் தணிந்தும் விடுகிறது. பிந்தி உயரும் குறிப்பான் நெடுநேரம் நிலைத்து நிற்கிறது. எல்லா நேரத்திற்கும் பொருந்தும் ஒற்றைக் குறிப்பான் இதுவரை கண்டறியப்படவில்லை.

முதன்மையான குறிப்பான்கள்

வெள்ளையணுக்கள்: நியூட்ரோபில்கள் எனப்படும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை, தொற்றின்போது உயர்வதைவிடக் குறைவதே பச்சிளங்குழந்தைகளில் கூடுதல் பொருளுடையது. நலமான குழந்தையிலும் இவ்வெண்ணிக்கை பிறந்த சில மணி நேரத்தில் ஏறி, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து, பின் இறங்குகிறது. எனவே பிறந்த உடனே எடுத்த குருதியைக் காட்டிலும், சில மணி நேரம் கழித்து எடுத்த குருதியே கூடுதல் தகவல் தரும். தாய்க்குப் பேறுகால உயர் குருதி அழுத்தம் இருந்தாலும் இவ்வெண்ணிக்கை குறையலாம். முதிராத நியூட்ரோபில்களுக்கும் மொத்த நியூட்ரோபில்களுக்கும் உள்ள விகிதம் 0.2-ஐ விட அதிகமாக இருப்பது தொற்றின் அடையாளமாகக் கருதப்படுகிறது. இது நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்து எண்ணப்படுவதால், எண்ணுபவரைப் பொறுத்து மாறுபடக்கூடியது.

நுண் செவ்வணுப் படிவு வீதம்: குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த குருதியை ஒரு நுண்குழாயில் நிரப்பி நிமிர்த்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் செவ்வணுக்கள் எவ்வளவு கீழிறங்கியுள்ளன என்று அளப்பது இம்முறை. முதல் மணி நேரத்தில் 15 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் அது இயல்புக்கு மாறானது எனக் கொள்ளப்படும். இதற்கு மின்கருவி எதுவும் தேவையில்லை.

சி-எதிர்வினைப் புரதம்: மருத்துவமனைகளில் இதனைச் சி.ஆர்.பி. என்று குறிப்பிடுவர். 1930-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வகத்தில் தில்லெட், பிரான்சிசு ஆகியோர், நிமோனியா நோயாளிகளின் குருதியில் இதனைக் கண்டறிந்தனர். நிமோனியாக் கிருமியின் சி எனப் பெயரிடப்பட்ட சர்க்கரைப் பொருளுடன் வினைபுரிந்ததால் இப்பெயர் பெற்றது. தொற்று தொடங்கிப் பெரும்பாலும் 10 முதல் 12 மணி நேரத்தில் இது தெளிவாக உயர்கிறது. 36 முதல் 48 மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. குருதியில் இதன் அரைவாழ்வு ஏறத்தாழ 19 மணி நேரம். ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது பரவலாகக் கையாளப்படும் வரம்பு. தாயின் குருதியில் உள்ள இப்புரதம் நஞ்சுக்கொடியைக் கடந்து குறிப்பிடத்தக்க அளவில் குழந்தையை அடைவதில்லை. எனவே குழந்தையிடம் காணப்படும் அளவு குழந்தையின் உடலே உண்டாக்கியதாகும். ஆனால் நீண்ட பேறுகால வலி, பிறப்பு நேர மூச்சுத்திணறல், காட்டுப்பீயை மூச்சில் இழுத்தல் ஆகியவற்றாலும் இது உயரலாம்.

புரோகால்சிட்டோனின்: இது 116 அமினோ அமிலங்களால் ஆன, கால்சிட்டோனின் என்னும் இயக்குநீரின் முன்வடிவம் ஆகும். நலமான நிலையில் தைராய்டுச் சுரப்பியில் மட்டும் உருவாகும் இது, பாக்டீரியாத் தொற்றின்போது உடலின் பல திசுக்களிலும் உருவாகிறது. தொற்றுடன் இதற்குள்ள தொடர்பு 1993-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. இது சி-எதிர்வினைப் புரதத்தைவிட முன்னதாக உயர்கிறது. ஆனால் பிறந்த முதல் இரு நாட்களில், நலமான குழந்தையிலும் இது தானாகவே ஏறி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து இறங்குகிறது. எனவே இக்காலத்தில் பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதற்கேற்ப வரம்பு மாற்றப்பட வேண்டும்.

இன்டர்லூக்கின்-6: நோயின் முதல் சில மணி நேரத்தில் மிகுந்த உணர்திறன் கொண்டது. ஆனால் 24 மணி நேரத்திற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். எனவே தாமதமாக வந்த குழந்தையிடம் இது இயல்பாக இருந்தால், நோய் இல்லை எனக் கொள்ள முடியாது. நியூட்ரோபில்களின் மேற்பரப்பில் தோன்றும் சிடி64, குருதியில் வெளிப்படும் பிரெசெப்சின் ஆகியவையும் ஆராயப்பட்டுள்ளன.

தொகுப்புச் சோதனை

தனித்த குறிப்பான் எதுவும் போதாமையால், இந்தியாவில் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும் முறை நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டது. மருத்துவர்களிடையே இது செப்சிசு ஸ்கிரீன் எனப்படுகிறது. இதன் கூறுகள் பின்வருமாறு:

1. மொத்த வெள்ளையணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 5,000-க்கும் குறைவு
2. நியூட்ரோபில்களின் எண்ணிக்கை வயதுக்குரிய அளவைவிடக் குறைவு
3. முதிராத நியூட்ரோபில்களின் விகிதம் 0.2-க்கு மேல்
4. நுண் செவ்வணுப் படிவு முதல் மணியில் 15 மில்லிமீட்டருக்கு மேல்
5. சி-எதிர்வினைப் புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல்

இவற்றுள் இரண்டோ அதற்கு மேலோ மாறுபட்டிருந்தால், முடிவு நேர்மறை எனப்படும். எதிர்மறையாக இருந்தும் ஐயம் நீங்காவிட்டால், 12 முதல் 24 மணி நேரத்திற்குள் சோதனை மீண்டும் செய்யப்படும்.

முடிவுகளைப் பொருள்கொள்ளுதல்

ஒரு சோதனை நோயுள்ளவர்களுள் எத்தனை விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்பது அதன் உணர்திறன். நோயற்றவர்களுள் எத்தனை விழுக்காட்டினரைச் சரியாக நோயற்றவர் என விடுவிக்கிறது என்பது அதன் குறித்தன்மை. இவ்விரண்டும் 80 விழுக்காடாக உள்ள ஒரு கற்பனைச் சோதனையை எடுத்துக்கொள்ளலாம்.

அறிகுறி ஏதுமற்ற 1,000 குழந்தைகளுள் 10 குழந்தைகளுக்கு மட்டும் நோய் உள்ளது எனக் கொள்க. சோதனை 8 பேரைக் கண்டுபிடிக்கும்; 2 பேரைத் தவறவிடும். நோயற்ற 990 பேருள் 198 பேருக்கு நோய் உள்ளதாகத் தவறாகக் காட்டும். ஆக, நேர்மறை முடிவு பெற்ற 206 குழந்தைகளுள் உண்மையில் நோயுள்ளவை 8 மட்டுமே. இது 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

இனி, தீவிர சிகிச்சைப் பிரிவில் அறிகுறிகளுடன் உள்ள 1,000 குழந்தைகளுள் 200 பேருக்கு நோய் உள்ளது எனக் கொள்க. அதே சோதனை 160 பேரைச் சரியாகவும் 160 பேரைத் தவறாகவும் நேர்மறை எனக் காட்டும். நேர்மறை முடிவு மெய்யாக இருக்கும் வாய்ப்பு இப்போது 50 விழுக்காடு. ஆனால் 40 நோயுற்ற குழந்தைகள் தவறவிடப்படுகின்றன.

சோதனை மாறவில்லை, சோதிக்கப்பட்ட குழந்தைகளே மாறினர். இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. நலமாகத் தோன்றும் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனையைச் செய்வது, தேவையற்ற மருத்துவத்தையே பெருக்கும். நோயுற்றதாகத் தோன்றும் குழந்தைக்கு ஒரு முறை வந்த இயல்பான முடிவை நம்பி மருந்தை நிறுத்தி வைப்பதும் தவறாகும்.

மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும்

எனவே இக்குறிப்பான்களின் பெரும்பயன், மருந்தைத் தொடங்கலாமா என்பதைவிட, தொடங்கிய மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பதைத் தீர்மானிப்பதிலேயே உள்ளது எனலாம்.

எடுத்துக்காட்டாக, அறிகுறிகளுடன் கொண்டுவரப்படும் இரு குழந்தைகளைக் கொள்ளலாம். இருவருக்கும் குருதி வளர்ப்புச் சோதனைக்குக் குருதி எடுக்கப்பட்டு, மருந்து தொடங்கப்படுகிறது. இருவரின் முதல் சி-எதிர்வினைப் புரத அளவும் லிட்டருக்கு 4 மில்லிகிராம். மறுநாள் முதல் குழந்தைக்கு 42, இரண்டாம் குழந்தைக்கு 5. முதல் குழந்தையின் தொற்று, முதல் குருதி எடுத்தபோது கல்லீரல் மறுமொழி தரும் அளவுக்கு நேரம் கடந்திராத நிலையில் இருந்திருக்கிறது. அதற்கு மருந்து தொடரப்படும். இரண்டாம் குழந்தை நலமடைந்து, வளர்ப்புச் சோதனையிலும் கிருமி வளராவிடில், 36 முதல் 48 மணி நேரத்தில் மருந்தை நிறுத்த இயலும். பிரித்தானியாவின் நைசு அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், முதல் அளவீட்டுக்கு 18 முதல் 24 மணி நேரம் கழித்து இரண்டாம் அளவீட்டைப் பரிந்துரைத்தது.

புரோகால்சிட்டோனின் குறித்தும் இவ்வாறே ஆராயப்பட்டது. நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் குடியரசு ஆகிய நாடுகளின் 18 மருத்துவமனைகளில் 1,710 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், இதன் அளவைக் கொண்டு மருந்தை நிறுத்திய பிரிவில் சராசரி மருந்துக் காலம் 65 மணி நேரத்திலிருந்து 55 மணி நேரமாகக் குறைந்தது.

மருந்தைக் குறைப்பது ஏன் இன்றியமையாதது என்பதைத் தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வு காட்டுகிறது. 2016-இல் வெளியான இவ்வாய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளுள் 14.3 விழுக்காட்டினருக்குச் செப்சிசு இருந்தது. வளர்ப்புச் சோதனையில் உறுதியானது 6.2 விழுக்காட்டினருக்கு மட்டுமே. அசினிட்டோபாக்டர் கிருமிகளுள் 82 விழுக்காடும், கிளெப்சியெல்லா கிருமிகளுள் 54 விழுக்காடும் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவையாக இருந்தன. தேவையின்றித் தரப்படும் ஒவ்வொரு நாள் மருந்தும் இத்தகைய கிருமிகள் பெருக இடமளிக்கிறது.

வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில்

பாலாற்றை ஒட்டிய இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர் பெற்றவை. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. எனினும் கடுமையாக நோயுற்ற குழந்தைகளுக்கு வேலூர் நகரமே தொடர்ந்து முதன்மையான மருத்துவ மையமாக விளங்குகிறது. 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவ நிலையத்திலிருந்து வளர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், அடுக்கம்பாறையிலுள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரியும் இங்குள்ளன.

கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், 1988 முதல் 1997 வரையிலான பத்தாண்டுத் தரவுகளைக் கொண்டு, பி பிரிவு ஸ்டிரெப்டோகாக்கசு கிருமியால் உண்டாகும் குருதித் தொற்றைப் பற்றி 1999-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மேலை நாடுகளில் முன்தொடக்க செப்சிசுக்கு முதன்மைக் காரணமாக அறியப்பட்ட இக்கிருமி, அங்கு ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்கு 0.17 என்ற அளவிலேயே காணப்பட்டது. ஒரு நாட்டின் கிருமிகளையும் நோய் வீதத்தையும் கொண்டு வகுத்த கணிப்பு முறையை மற்றொரு நாட்டில் அப்படியே பயன்படுத்த இயலாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சோதனையின் நம்பகத்தன்மையிலும் இக்கல்லூரிக்குப் பங்கு உண்டு. இந்தியாவின் பல பகுதிகளிலுள்ள ஆய்வகங்களுக்காக, உயிர்வேதியியல், குருதியியல் ஆகிய துறைகளில் வெளித்தர மதிப்பீட்டுத் திட்டங்களை இது நடத்துகிறது. ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவை தரும் அளவுகளை ஒப்பிட்டு, எந்த ஆய்வகம் விலகி நிற்கிறது என்று தெரிவிப்பதே இதன் முறை. குழந்தைக்கு மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது ஓர் எண்ணைப் பொறுத்து அமையும்போது, அந்த எண் இரு ஆய்வகங்களில் ஒன்றுபோல் வருவது இன்றியமையாதது.

ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ளது. குருதி வளர்ப்பு வசதி இல்லாத சிறு ஆய்வகத்திலும் சி-எதிர்வினைப் புரதத்தைக் கண்டறிய முடியும். எதிர்ப்பொருள் பூசிய லேட்டக்சு துகள்களுடன் குருதி நீரைக் கண்ணாடித் தகட்டில் கலந்தால், புரதம் மிகுந்திருக்கும்போது துகள்கள் இரண்டு நிமிடங்களில் திரள்வதைக் கண்ணால் காணலாம். ஆனால் நோயின் தொடக்கத்தில் துகள்கள் திரளாமல் போகலாம். அம்முடிவைக் கொண்டு குழந்தையை அனுப்பாமல் காத்திருந்தால் பயண நேரமும் சேர்ந்து இழப்பாகிறது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில், பிறந்த நேரம், பனிக்குடம் உடைந்த நேரம், குருதி எடுத்த நேரம், முதல் மருந்து கொடுத்த நேரம் ஆகிய நான்கும் எழுதப்பட்டிருந்தால், அங்கு எடுக்கப்படும் அளவு இரண்டாம் அளவாகப் பயன்படும். நேரம் எழுதப்படாத அளவு மிகக் குறைந்த பொருளே உடையது.

தவறான நேர்மறை முடிவும் இப்பகுதிக் குடும்பங்களுக்குச் சுமையாகும். காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் பணியாற்றுகின்றனர். நாட்கூலியை நம்பியிருக்கும் குடும்பத்தில், தேவையற்ற ஒரு வார மருத்துவமனை வாசம் ஊதிய இழப்பையும், தாய்ப்பால் கொடுப்பதில் தடையையும் உண்டாக்கும். 2011-இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்சா திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருத்துவம், சோதனைகள், ஊர்திப் பயணம் ஆகியவை கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008 முதல் இயங்கி வருகிறது.

சோதனை வசதி இல்லாத இடங்களில்

குருதிச் சோதனை கிடைக்காத இடத்திலும் இந்நோயை எதிர்கொள்ள இயலும் என்பதை மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் நடந்த பணி காட்டியது. அபய் பாங் குழுவினர், பயிற்சி பெற்ற கிராமப் பெண்களைக் கொண்டு, வீட்டிலேயே அறிகுறிகளைப் பார்த்துச் செப்சிசை இனங்கண்டு மருத்துவம் அளித்தனர். 1999-இல் வெளியான அவர்களின் ஆய்வில், பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. பால் குடிக்காமை, சில்லிடுதல், சோர்வு ஆகியவற்றைத் தாயும் செவிலியரும் உடனே கவனித்துத் தெரிவிப்பதே எல்லாக் குறிப்பான்களுக்கும் முந்தியது. குருதிக் குறிப்பான்கள் அதற்கு மாற்றாவதில்லை. அதன் பின் எடுக்கப்படும் முடிவுகளைச் செம்மைப்படுத்துகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

பச்சிளங்குழந்தை
குறைமாதப் பிறப்பு
நுண்ணுயிர் எதிரி
கிறித்தவ மருத்துவக் கல்லூரி, வேலூர்